மூன்று நாட்டுப் பாஸ்போர்ட், ஒரே வாரம்: விசா இல்லாமல் எங்கே சந்திக்கலாம்?

பூங்கொடி எழுதியது:

வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது. எனக்கும் அம்மாவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட். அக்கா, அத்தான், அவர்கள் மகன் மூவரும் கனடா குடிமக்கள். சித்தி கட்டிக்கொண்டது இலங்கைத் தமிழரை. இருவரும் பிரான்ஸில் இருக்கிறார்கள். சித்தி பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டார். சித்தப்பா வாங்கவில்லை. அவரிடம் இலங்கைப் பாஸ்போர்ட்டும் பிரெஞ்சு வசிப்பிட அட்டையும்தான் உண்டு. அப்படிப் பார்த்தால் நான்கு நாடு. சித்திக்குப் பிரச்சினை வராது என்பதால் தலைப்பில் மூன்று என்று போட்டேன்.

எல்லாரும் ஒரு வாரம் ஓரிடத்தில் கூட வேண்டும். விசா விண்ணப்பம், விரல் ரேகை, ஆறு மாத வங்கிக் கணக்கு, நேர்காணல் எதுவும் இருக்கக் கூடாது என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை. இணையத்தில் கிடைக்கும் 'விசா இல்லாமல் போகலாம்' பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கென்யா ஒன்றில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. எதை நம்புவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. அக்கா குடும்பம் ஜனவரி 5 முதல் மார்ச் 30 வரை பிரான்ஸில் சித்தி வீட்டில் இருந்துவிட்டுக் கனடா திரும்பியிருக்கிறார்கள். மறுபடி மே 10 அன்று பிரான்ஸ் வந்து, பத்து நாள் தங்கி, அங்கிருந்து எங்களோடு சேர்வதாகத் திட்டம். விசா இல்லாமல் வருபவர்கள் அங்கே 90 நாள்தான் தங்கலாம்; நடுவில் நாற்பது நாள் வெளியே இருப்பதால் அந்த 90 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும் என்று அத்தான் அடித்துச் சொல்கிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நடைவண்டி எழுதியது:

தாய்லாந்து. வேறு யோசனையே வேண்டாம். 2024 ஜூலை 15 முதல் 93 நாட்டவருக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று ஆக்கினார்கள். இந்தியா, இலங்கை, கனடா, பிரான்ஸ் நான்குமே அந்தப் பட்டியலில் இருந்தன. டிக்கெட் போடுங்கள், கிளம்புங்கள்.

கலங்கரை எழுதியது:

நடைவண்டி, பொறுங்கள். டிக்கெட் போடுவது கடைசி வேலை.

விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரில் வருடக்கணக்காக நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். 'விசா தேவையில்லை' என்று படித்துவிட்டு வந்து கவுண்டரில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் படித்தது பொய்யே இல்லை. பாதியை மட்டும் படித்திருப்பார்கள்.

பூங்கொடி கேட்ட கென்யாவையே எடுத்துக்கொள்வோம். விசாவையே ஒழிக்கிறோம் என்று 2023 டிசம்பரில் அறிவித்து, 2024 ஜனவரியில் ஒழித்தார்கள். ஆனால் கூடவே மின்னணுப் பயண அனுமதி என்று ஒன்று வந்தது. முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்து, 30 டாலர் கட்டி, ஒப்புதல் வந்த பிறகுதான் விமானம் ஏற முடியும். சட்டப்படி அது விசா இல்லை, அதனால் ஒரு பட்டியல்காரர் அதை 'விசா இல்லாத நாடு' என்று போடுகிறார். பணமும் கட்டி ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று இன்னொருவர் நீக்கிவிடுகிறார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

இந்த வகை இப்போது பெருகிக்கொண்டே போகிறது. அமெரிக்காவின் எஸ்டா என்ற இணைய அனுமதி 2009 ஜனவரியிலிருந்து கட்டாயம். கனடாவுக்கு ஒன்று, நியூசிலாந்துக்கு ஒன்று, தென்கொரியாவுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. பிரிட்டன் 2023 முதல் படிப்படியாகக் கொண்டுவந்து, 2025-இல் ஏறக்குறைய எல்லா விசா விலக்கு நாடுகளுக்கும் விரித்துவிட்டது. ஐரோப்பாவும் எட்டியாஸ் என்ற பெயரில் 20 யூரோ கட்டணத்தோடு ஒன்றைத் தயார் செய்கிறது. அக்கா குடும்பம் வழியில் லண்டனில் இறங்கிச் சுற்றிப் பார்க்க நினைத்தால் அவர்கள் மூவருக்கும், பையன் உட்பட, தனித்தனியாகப் பிரிட்டிஷ் அனுமதி வேண்டும். சிறுவர்களுக்கு விலக்கு கிடையாது.

அடுத்து, இறங்கியதும் தரும் விசா. நுழைவு எளிதுதான், ஆனாலும் அது விசாவேதான். அங்கே போய் வரிசையில் நின்று, படிவம் கொடுத்து, பல நாடுகளில் பணமும் கட்டி வாங்க வேண்டும். பட்டியல்களில் இதையும் சேர்த்துத்தான் எண்ணிக்கையை ஊதிக் காட்டுகிறார்கள்.

அப்புறம் நிபந்தனையோடு கூடிய விலக்கு. பிலிப்பைன்ஸ் 2025 ஜூனிலிருந்து இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா இல்லாமல் 14 நாள் தருகிறது. அதே இந்தியரிடம் அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா, ஷெங்கன் (எல்லைச் சோதனை இல்லாமல் ஒன்றாக இணைந்த ஐரோப்பிய நாடுகள்), சிங்கப்பூர், பிரிட்டன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ வசிப்பிட அனுமதியோ இருந்தால் 30 நாள். ஜார்ஜியாவும் அப்படித்தான்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், ஆனால் ஷெங்கன் விசாவோ வசிப்பிட அட்டையோ கையில் இருந்தால் 180 நாளில் 90 நாள் வரை வேண்டாம். கனடாக்காரர்களுக்கு அங்கே ஒரு வருடம் வரை இருக்கலாம்! ஒரே கதவில் ஒரே குடும்பத்துக்கு மூன்று விதமான பதில்.

அதனால் 'இந்த நாட்டுக்கு விசா வேண்டுமா' என்ற கேள்வியே போதாது. எந்தப் பாஸ்போர்ட், கூட வேறு என்ன அட்டை, எந்த வழியாக, எத்தனை நாள், என்ன காரியத்துக்கு என்று ஐந்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மழைக்காகம் எழுதியது:

சித்தப்பாவின் நிலையில் இருக்கும் ஆள் நான். அதே கடவுச்சீட்டு, அதே மாதிரி அட்டை. ஆகவே அவருக்காக எழுதுகிறேன்.

பிரெஞ்சு அட்டை இருக்கிறபடியால் தானும் பிரெஞ்சுக்காரர் மாதிரித்தான் என்று எங்கட ஆட்கள் கனபேர் நினைக்கிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்குள்ளே அது ஓரளவு சரி. பிரான்ஸில் அவர் வசிப்பவர், அங்கே நாள் கணக்கே இல்லை. ஜெர்மனிக்கோ இத்தாலிக்கோ போனால் 180 நாளில் 90 நாள் வரை வீசா இல்லாமல் நிற்கலாம். ஆனால் ஷெங்கனை விட்டு வெளியே கால் வைத்தால் அவர் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், அவ்வளவுதான். லண்டனுக்குப் போக அவருக்கு வீசா வேண்டும். அயர்லாந்துக்கும் வேண்டும்.

இன்னொன்று, இடைநிறுத்தம். இது பெரிய பொறி. ஐரோப்பிய விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கு மட்டும், வெளியே வராமலே, வீசா கேட்கப்படுகிற நாடுகள் என்று ஒரு பட்டியல் உண்டு. இலங்கை அதில் இருக்கிறது. சித்தப்பாவுக்கு வசிப்பிட அட்டை இருப்பதால் விலக்கு. ஆனால் இலங்கையிலிருந்து அவருடைய சகோதரர் யாராவது கூட வருவதாக இருந்தால் இதைப் பார்க்காமல் ரிக்கெற் போடவேண்டாம்.

மலிவாக இருக்கிறது என்று இரண்டு தனி ரிக்கெற் எடுத்து நடுவில் ஒரு நாட்டில் மாறுகிறவர்களுக்கும் ஒரு சொல். பெட்டி கடைசி ஊர் வரை போகாது. நீங்கள் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்ப செக்-இன் செய்ய வேண்டி வரும். வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது. அதற்கு வீசா வேண்டும் என்றால், முதல் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் நின்றது: அம்மாவுக்கு ஏற அனுமதி கிடைத்தது, மகனுக்குக் கிடைக்கவில்லை. கடவுச்சீட்டு வேறு வேறு.

எல்லைக்கல் எழுதியது:

அத்தானின் கணக்குக்கு வருகிறேன். பூங்கொடி, உங்கள் சந்தேகம்தான் சரி. வெளியே போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

ஷெங்கன் விதி 'எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்'. இந்த 180 நாள் காலண்டரில் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிவதில்லை. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அதற்குள் விழும் தங்கல் நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. இறங்கிய நாளும் ஒரு நாள், கிளம்பிய நாளும் ஒரு நாள். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்னால் இறங்கினாலும் அது முழு நாள்தான்.

ஜனவரி 5 முதல் மார்ச் 30 வரை: 27, 28, 30. கூட்டினால் 85. மே 10 அன்று நின்றுகொண்டு 180 நாள் பின்னால் பார்த்தால் முந்தைய நவம்பர் 12 வரை போகிறது. அதாவது அந்த 85 நாளும் அப்படியே உள்ளே இருக்கிறது. மிச்சம் ஐந்தே நாள். மே 14 கடைசி. 15-ஆம் தேதி காலையில் அங்கே இருந்தால் ஓவர்ஸ்டே, அதாவது அனுமதித்ததைவிட அதிகம் தங்கிய குற்றம். ஜனவரி 5 என்ற முதல் நாள் கணக்கிலிருந்து விழுவதே ஜூலை 4 அன்றுதான்.

இதே விதி ஆளுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை 60 நாள் இருந்துவிட்டு, ஆகஸ்ட் 1 அன்று திரும்பி வருகிறார் என்று வையுங்கள். 'மிச்சம் 30 நாள்தான்' என்று நினைத்து ஆகஸ்ட் 30 அன்று கிளம்பிவிடுவார். தேவையே இல்லை. ஆகஸ்ட் 28 முதல் மார்ச் மாத நாட்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் உதிரத் தொடங்கும். ஒரு புது நாள் சேரும்போது ஒரு பழைய நாள் விழும். எண்ணிப் பாருங்கள், அவர் அக்டோபர் 29 வரை முழு 90 நாளும் இருக்கலாம். நம்பிக்கை வரவில்லை என்றால் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் குறுகிய காலத் தங்கல் கணக்கி இருக்கிறது, தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

முன்பு ஸ்டாம்ப் மங்கலாக இருந்தது, அதிகாரி பக்கம் புரட்டவில்லை என்று தப்பியவர்கள் உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா நுழைவு-வெளியேற்ற மின்னணுப் பதிவைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்திருக்கிறது. முகப்படம், விரல் ரேகை, தேதி எல்லாம் கணினியில். நாட்களை அதுவே கூட்டிக்கொள்கிறது. பதிவு மூன்று வருடம் இருக்கும். சித்தப்பா மாதிரி வசிப்பிட அட்டை வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவில் வர மாட்டார்கள்.

பூங்கொடி எழுதியது:

எல்லைக்கல் சார், உங்கள் பதிவை அப்படியே அத்தானுக்கு அனுப்பினேன். முதலில் மூன்று முறை எண்ணினாராம். அப்புறம் "சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே, மிச்ச ஐந்து நாளை அங்கே கழித்தால்?" என்கிறார்.

எல்லைக்கல் எழுதியது:

அத்தான் விடாக்கண்டர் போலிருக்கிறது.

சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் உண்டு. நார்வே, ஐஸ்லாந்தும் அப்படியே. அங்கே இருக்கும் நாளும் இதே 90-இல்தான் விழும். அயர்லாந்து நேர் எதிர்: ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. கனடாக்காரர்களுக்கு அயர்லாந்தில் விசா வேண்டாம், அங்கே கழிக்கும் நாள் ஷெங்கன் கணக்கில் சேராது. ஒன்றியம் வேறு, ஷெங்கன் வேறு என்று மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். பல்கேரியா, ருமேனியா இரண்டும் 2025 ஜனவரி 1 முதல் தரைவழி எல்லையிலும் முழுமையாகச் சேர்ந்துவிட்டதால், 'பக்கத்தில் பல்கேரியாவுக்குப் போய்வந்தால் போதும்' என்ற பழைய யோசனையும் செத்துவிட்டது.

சில நாடுகளுக்குள் பழைய இருதரப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன, அவற்றால் கூடுதல் நாள் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். சில பாஸ்போர்ட்டுகளுக்கு அது உண்மைதான். ஆனால் தூதரகத்திடம் எழுத்தில் வாங்காமல் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

நடைவண்டி எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. விசா வேண்டாம் என்று அந்த நாடே சொல்லிவிட்டது. பிறகு விமான நிறுவனம் யார் தடுக்க? என் நண்பன் ஒருவனை ஒருவழி டிக்கெட் என்று சொல்லி ஏற்றவே இல்லை. அங்கிருந்து பேருந்தில் பக்கத்து நாட்டுக்குப் போவதாகத் திட்டம், அதைச் சொல்லியும் கேட்கவில்லை. கவுண்டரில் இருப்பவர் என்ன குடிவரவு அதிகாரியா?

கலங்கரை எழுதியது:

அதிகாரி இல்லைதான். ஆனால் நீங்கள் அங்கே திருப்பி அனுப்பப்பட்டால், உங்களைக் கொண்டுவந்த நிறுவனமே உங்களைத் திருப்பிக் கூட்டிப்போக வேண்டும். ஆவணம் சரியில்லாத ஆளை ஏற்றி வந்ததற்குப் பல நாடுகளில் அபராதம் வேறு. ஐரோப்பாவில் ஓர் ஆளுக்கு ஆயிரக்கணக்கான யூரோ. அந்தப் பயம் கவுண்டர்வரை வந்து சேர்கிறது.

நாங்கள் எங்கள் அறிவை வைத்துச் சொல்வதில்லை. விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா நடத்தும் டிமேட்டிக் என்ற தரவுத்தளம் இருக்கிறது. பாஸ்போர்ட் நாடு, போகும் நாடு, மாறும் நாடு, தேதி எல்லாம் தட்டினால் விதி வரும். அதில் 'திரும்பும் அல்லது தொடரும் பயணச்சீட்டு இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தால், உங்கள் நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கவுண்டர் ஊழியரால் ஏற்ற முடியாது. பேருந்துப் பயணச்சீட்டை முன்பே எடுத்து அச்சடித்துக் காட்டியிருந்தால் ஒருவேளை மேலாளரைக் கூப்பிட்டிருப்பார். வாய்ச்சொல் எடுபடாது.

காட்டுவதற்கு மட்டும் போலியாக ஒரு டம்மி டிக்கெட் வைத்துக்கொள்ளும் யோசனையை இங்கே யாரும் ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் இருக்கும் பி.என்.ஆர் என்ற பதிவு எண்ணைத் தட்டினால் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பணம் திரும்பக் கிடைக்கும் நிஜ டிக்கெட்டைப் போட்டு, பிறகு ரத்து செய்வது வேறு விஷயம். போலியாக அச்சடித்த காகிதத்தை அதிகாரியிடம் நீட்டுவது பொய் ஆவணம். அதற்குப் பெயர் ஓவர்ஸ்டே இல்லை, அதைவிட மோசமானது.

விமானம் ஏறிவிட்டாலும் முடியவில்லை. விசா விலக்கு என்பது விண்ணப்பிக்காமல் எல்லைவரை வரும் சலுகை. உள்ளே விடுவதா என்பதை அங்கே இருக்கும் அதிகாரி முடிவு செய்வார். எங்கே தங்குகிறீர்கள், எப்போது கிளம்புகிறீர்கள், செலவுக்கு என்ன வழி என்று கேட்பார். குடும்பமாக வருபவர்கள் ஆளுக்கு ஒரு பதில் சொல்லாமல் இருந்தால் போதும். எல்லார் ஹோட்டல் பதிவும் ஒருவர் போனில் மட்டும் இருந்து, அந்தப் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து, அம்மா தனி வரிசையில் மாட்டிக்கொண்டு விழிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு காகிதம் அச்சடித்துக் கையில் கொடுங்கள்.

வெண்ணிலவு எழுதியது:

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். இந்த விலக்குகள் ஏன் வருகின்றன, ஏன் போகின்றன என்று யாரும் பேசவில்லை. அது தெரிந்தால்தான் எந்த விலக்கை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

ஒரு வகை, பயணிகளை இழுக்க ஒரு நாடு தானாகத் தருவது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் 30 நாள் திறந்தது இப்படித்தான். அதற்குக் கெடு தேதி உண்டு. பிறகு நீட்டித்து, இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை என்று வைத்திருக்கிறார்கள். சீனாவும் இப்படியே பல நாடுகளுக்குத் தேதி போட்டுத் திறந்து நீட்டித்துக்கொண்டே வருகிறது. இவை எல்லாம் ஒருதலையாகக் கொடுத்தவை, ஒருதலையாக எடுக்கவும் செய்யலாம்.

இன்னொரு வகை, நீ கொடுத்தால் நான் கொடுப்பேன் என்பது. பிரேசிலைப் பாருங்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் நான்குக்கும் 2019-இல் விசாவை நீக்கியது. ஜப்பான் பதிலுக்கு நீக்கியது, சலுகை நிலைத்தது. மற்ற மூன்றும் நீக்கவில்லை. 2025 ஏப்ரல் 10 முதல் அவர்களுக்கு மறுபடி விசா. எனக்கு இதில் ஒரு சின்னத் திருப்தி உண்டு என்பதை மறைக்க மாட்டேன். எப்போதும் ஒரே பக்கம்தான் வரிசையில் நிற்க வேண்டுமா என்ன?

போகும் காரணங்கள் வேறு. பணம் கட்டியவர்களுக்கெல்லாம் பாஸ்போர்ட் விற்கிறது என்று வனுவாட்டுவுக்கான விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறுத்தத் தொடங்கி, 2024 டிசம்பரில் ஒரேயடியாக எடுத்துவிட்டது. செர்பியா இந்தியர்களுக்குக் கொடுத்திருந்ததை 2023 ஜனவரி 1 முதல் எடுத்தது; அங்கே இறங்கி ஐரோப்பாவுக்குள் நழுவுகிறார்கள் என்று ஒன்றியம் கொடுத்த நெருக்கடி. தஞ்சம் கோருபவர்கள் பெருகிவிட்டார்கள் என்று மெக்சிகோக்காரர்களுக்குக் கனடா 2024 பிப்ரவரி 29 அன்று விசா விதியை இறுக்கியது.

ஈரான் கதை எல்லாவற்றையும்விட வருத்தமானது. 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விமானவழியில் 15 நாள் விசா விலக்கு கொடுத்தது. வேலை வாங்கித் தருகிறோம், ஈரான் வழியாக வேறு நாட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆட்களை ஏமாற்றிக் கூட்டிப்போய், இறங்கியதும் கடத்திப் பணம் கேட்டார்கள். 2025 நவம்பர் 22 முதல் ஈரான் அந்த விலக்கை நிறுத்திவைத்தது. விசா வேண்டாம் என்பதையே தூண்டிலாக்கிவிட்டார்கள். யாராவது 'அந்த நாட்டுக்கு விசாவே வேண்டாம், வா, வேலை இருக்கிறது' என்றால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும். சுற்றுலா விலக்கில் போய் எந்த நாட்டிலும் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது.

நடைவண்டி எழுதியது:

வெண்ணிலவு, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போய் என் சொந்த அலுவலக வேலையைப் பார்த்தால்? அதுவும் குற்றமா?

வெண்ணிலவு எழுதியது:

நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல் தன் வருகையாளர் விதியில் தெளிவாகவே எழுதிவிட்டது: வந்த நோக்கம் அதுவல்ல என்றால், வெளிநாட்டு முதலாளிக்கான வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம். பல நாடுகள் ஒன்றுமே எழுதவில்லை. எழுதாததை எல்லையில் போய் அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விடுமுறைக்கு வந்திருக்கிறீர்கள், அதுதானே உண்மை? அதைச் சொல்லுங்கள்.

சரக்குக்கப்பல் எழுதியது:

தாய்லாந்தில் 60 நாள் முடியப்போகும்போது எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி 60. இவ்வளவு பேசுகிறீர்களே, இது யாருக்கும் தெரியாதா?

கலங்கரை எழுதியது:

தெரியும். அதிகாரிகளுக்கும் தெரியும். விசா ரன் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று முறை ஆனதும் 'நீ சுற்றுலாப் பயணி இல்லை, இங்கே குடியிருக்கிறாய்' என்று திருப்பி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

அமெரிக்காவில் அதுவும் நடக்காது. விசா விலக்கில் போனவர் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்வந்தால் அந்த நாட்களும் பொதுவாக அதே 90-க்குள் எண்ணப்படும். நீட்டிப்பு கிடையாது. ஒரே ஒரு நாள் அதிகம் தங்கினாலும் அடுத்த முறை விலக்கில் வர முடியாது, விசாவுக்குத்தான் போய் நிற்க வேண்டும். தாய்லாந்து போன்ற இடங்களில் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 என்று கட்டிவிட்டுக் கிளம்பலாம். ஆனால் அதுவும் பதிவில் ஏறும், 90 நாளுக்கு மேல் போனால் தானே போய் ஒப்புக்கொண்டாலும் நுழைவுத் தடை.

மட்டுறுத்துநர்:

'24 மணி நேரத்தில் பயண அனுமதி வாங்கித் தரப்படும்' என்ற சுட்டியோடு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இந்த அனுமதிகளை அந்தந்த அரசுத் தளத்திலேயே நீங்களே வாங்கலாம். தேடலில் முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம், அரசு முத்திரை மாதிரியே படம் போட்டிருப்பார்கள். இலவசப் படிவத்துக்குக்கூட அங்கே காசு பிடுங்குவார்கள்.

எல்லைக்கல் எழுதியது:

ஒரு வேடிக்கைக்கு: எந்தப் பாஸ்போர்ட்டுக்கும் விசாவே கேட்காத இடம் ஒன்று உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள். 1920-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக அங்கே விசாவும் இல்லை, நாள் வரம்பும் இல்லை. ஆனால் வழக்கமான விமானம் நார்வே நிலப்பகுதி வழியாகத்தான் போகிறது. அது ஷெங்கன். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே. ஆகவே பூங்கொடியும் அம்மாவும் போக, போகும்போது ஒன்று திரும்பும்போது ஒன்று என்று இரண்டு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா வாங்க வேண்டும். விசா வேண்டாத தீவுக்குப் போக இரட்டை நுழைவு விசா.

பூங்கொடி எழுதியது:

அம்மாவுக்குப் பனிக்கரடி வேண்டாமாம்!

சரி, முடிவுக்கு வந்துவிட்டோம். தாய்லாந்தில் நாள் எண்ணிக்கையைக் குறைப்பது பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டே இருப்பதாகத் தெரிகிறது. எங்களுக்கு ஒரு வாரம் போதும் என்றாலும், பட்டியலே மாறினால் சித்தப்பாதான் மாட்டுவார். மலேசியாவில் எங்களுக்குச் சுலபம், சித்தப்பாவுக்கு அதே விதி இல்லை. அதனால் மாலத்தீவு. ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் இறங்கியதும் இலவசமாக 30 நாள் தருகிறார்கள். கலங்கரை சார் சொன்ன வகைப்படி அதுவும் விசாதான், ஆனால் முன்கூட்டி விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. அம்மாவின் நிபந்தனை நிறைவேறுகிறது.

அக்கா குடும்பம் மே 10-இல் பிரான்ஸ் வந்து 14-ஆம் தேதி காலையிலேயே கிளம்புகிறார்கள். அத்தான் 14 இரவு 11.50 விமானம் மலிவு என்றார். தாமதமானால் 15 ஆகிவிடும் என்று அக்கா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சித்தப்பா பாஸ்போர்ட் ஐந்து மாதத்தில் முடிகிறது. போதுமா?

மழைக்காகம் எழுதியது:

போவதற்கு முன் புதுப்பித்துவிடச் சொல்லுங்கள். மாலத்தீவில் உள்ளே விடக்கூடும், ஆனால் விமானம் மாறுகிற நாடு கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்டால் என்ன செய்வது? தூதரகத்தில் புதுப்பிக்க நாள் எடுக்கும், இன்றைக்கே தொடங்குவது நல்லம். வசிப்பிட அட்டையின் முடிவுத் தேதியையும் பார்க்கச் சொல்லுங்கள். கனபேர் கடவுச்சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்பி, திரும்பி வரும்போது அட்டை முடிந்துபோய் பாரிஸ் விமானத்தில் ஏற முடியாமல் நிற்கிறார்கள்.

கலங்கரை எழுதியது:

மழைக்காகம் சொன்னதோடு இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மாலத்தீவின் இமுகா என்ற இணையப் பயணி அறிவிப்புப் படிவத்தைப் போவதற்கு 96 மணி நேரத்துக்குள் ஒருமுறை, திரும்புவதற்கு முன் அதேபோல் மறுமுறை, ஆளுக்கொன்றாக நிரப்ப வேண்டும். இலவசம். ஹோட்டல் பதிவில் எல்லார் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்திலேயே வரட்டும். அம்மாவின் பெயரில் முதற்பெயர், குடும்பப்பெயர் கட்டங்கள் எப்படி நிரப்பியிருக்கின்றன என்று டிக்கெட் போடும் முன் பாருங்கள். ஒன்று காலியாக இருந்தால் விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.